அறுபதாம் எண்

கார்க், அயர்லாந்து
9 ஜூன் 2024

அன்புள்ள இளவேனி அக்காவுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் பிரவினும் சுகம். நீயும் ரவி மச்சானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி தேவலையா?

ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகியும் பெட்டியை முழுசாகப் பிரிக்கவில்லை. அப்பா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி உடைந்து துணியெல்லாம் பூண்டு வாசம். துவைக்கவும் மனசு வரவில்லை.

போன் இருக்கும்போது எதற்கு மெயில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் கூப்பிடும்போதெல்லாம் அப்பா உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். போன ஞாயிறு உன்னிடம் தலைசுற்றலைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு ஒரு கேடும் இல்லீன்னு சொல்லு அவகிட்ட!" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார். அவரைப் பற்றி அவர் காதுபடப் பேச முடியவில்லை. அதனால் நான் நர்சிங் ஹாஸ்டலில் இருந்தபோது எழுதிக்கொண்ட மாதிரி இனி எழுதிக்கொள்வோம்.

கூடத்தில் நான் மாட்டிவிட்டு வந்த கேமராதான் இப்போது எனக்குத் துணை. இங்கே விடிகாலையில் நான் டூட்டிக்குக் கிளம்பும்போது அங்கே முற்பகல் ஆகியிருக்கும். அப்பா சாப்பிட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு எனக்கு நேராக உட்காருவார். "ஸ்தோத்திரம் கண்ணு. தோசை ரெண்டு தின்னுபோட்டேன். மாத்திரையும் போட்டாச்சு" என்பார். பதிலுக்கு என் குரலும் அங்கே கேட்கும்படி வைக்கலாம். ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். திடுக்கிட்டு எழுந்து கதவுக்கு வெளியே போய்த் தேடிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நான் பேசுவதில்லை, பார்ப்பதோடு சரி.

முன்பெல்லாம் அந்தக் கேமரா இரண்டு நாளைக்கு ஒரு முறை நின்றுவிடுமே, இப்போது நிற்பதே இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் பிரவின் போனில் சொல்லச் சொல்ல நானே ஒரு வழி செய்துவிட்டு வந்தேன். நீ அப்போது கல்லூரியில் பரீட்சை வேலையில் இருந்தாய், அதனால் கூப்பிடவில்லை.

அப்பாவைப் பார்த்துக்கொள். உன்னை நம்பித்தான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன்.

உன் தங்கை,
கிருபா

*

சரவணம்பட்டி
16 ஜூன் 2024

என் கண்ணு கிருபாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் இருவரும் அங்கே குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும்தான்.

உன்னைப் பெற்ற என் சித்தப்பா கேமராவோடு நடத்தும் குடித்தனத்தைக் கேள். வியாழக்கிழமை அதன்மேல் ஈரத்துண்டைத் தொங்கவிட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "பொட்டப்புள்ள பாத்துக்கிட்டிருக்கறா, அவ முன்னாடி வேட்டி மாத்தறதா?" என்றார். உள்ளறைக்குப் போய் மாற்றலாமே என்றால், "எம்பட ஊட்டுல நான் எதுக்கு ஒளியோணும்?" என்கிறார்.

காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது நான் கதவைத் தட்டி டீ கொடுத்துவிட்டுப் போவது உனக்குத் தெரியும். அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். "கிருபா பாக்கறாள்ல, நீ ஏங்கண்ணு காலங்காத்தால ஓடியாரே? பஸ்ஸை உட்ருவே. சாயங்காலம் வா, போதும்" என்றார். காலைப் பொறுப்பு உனக்கு, சாயங்காலப் பொறுப்பு எனக்கு. அவரே பங்கு பிரித்துவிட்டார்.

கேமரா நிற்கவில்லை என்று நீ எழுதியது சந்தோஷம். இந்தக் குடியிருப்பில் நெட் நிற்காத ஒரே வீடு அதுதான் போலிருக்கிறது. நான் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறேன் என்ற ஒரே குற்றத்துக்காக, பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுவான இணைப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் என்னை நெட்டு அக்கா என்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு ரவுட்டர் இருக்கிறதல்லவா, போனோ டிவியோ எது உள்ளே வந்தாலும் அதுதான் ஓர் எண் கொடுக்கும். ஐ.பி. எண் என்பார்கள். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. ஒரே எண் இரண்டு கருவிக்குப் போய்விட்டால் எது யாருடையது என்று தெரியாமல் இரண்டும் தடுமாறி நின்றுவிடும். கண்டவர்களும் உள்ளே நுழையாமல் இருக்க ஐம்பது எண் வரைக்கும்தான் திறந்து வைத்திருக்கிறேன். யாராவது விருந்தாளி வந்தால் போதும், "ஏனுங் அம்மணி, நெட்டு வரமாட்டேங்குதுங்க" என்று குடியிருப்புச் சங்கத் தலைவர் செங்கோட்டையன் ஐயா வாசலில் வந்து நிற்பார்.

சித்தப்பா உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னார். அங்கே மழையில் நனையாதே என்று. சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் இளவேனி

*

கார்க்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை டூட்டி இடைவேளையில் படித்துச் சிரித்துவிட்டேன். பக்கத்து நர்ஸ் என்னவென்று கேட்டாள். ஈரத்துண்டை எப்படி விளக்குவது! நாங்கள் நலம். உங்கள் நலத்துக்குத் தினமும் ஜெபிக்கிறேன்.

அப்பா இப்போது எனக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறார். எல்லாச் செய்தியும் இல்லை. சிறுவாணி அணையில் எத்தனை அடி தண்ணீர், மேட்டுப்பாளையத்தில் மழையா, அவ்வளவுதான். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "குடிக்கத் தண்ணிக்குப் பஞ்சமில்லை கண்ணு, நீ கவலைப்படாதே" என்கிறார். இங்கே ஜன்னலுக்கு வெளியே நாளெல்லாம் மழை.

ஆனால் அக்கா, செவ்வாய்க்கிழமை எழுந்து போகும்போது நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே நின்றார். இடது கால் பின்தங்கி வந்தது. நோயாளிகளைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. மதுக்கரை சிமெண்டு ஆலையில் முப்பது வருஷம் மூட்டை ஏற்றிய கால், அப்படித்தான் இருக்கும் என்று நீ சொல்லாதே. டாக்டரிடம் கூட்டிப்போ. வரமாட்டேன் என்பார். நான் அழுதேன் என்று சொல், வந்துவிடுவார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கிருபா

*

சரவணம்பட்டி
20 அக்டோபர் 2024

அன்பு கிருபாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் நலம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

சித்தப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. மாத்திரையை மாற்றி, ரத்தம் கட்டாமல் இருக்க இன்னொன்றும் சேர்த்திருக்கிறார். உப்பைக் குறைக்கச் சொன்னார். "உப்பில்லாம திங்கறதுக்குச் சும்மா இருக்கலாம்" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டு வந்தார்.

மேல்வீட்டுக்கு நான்கு பையன்கள் குடிவந்திருக்கிறார்கள். ஐ.டி. பார்க்கில் வேலை. ஆளுக்கு இரண்டு போன், இரண்டு லேப்டாப். அவர்கள் வந்ததிலிருந்து எண்கள் போதவில்லை. ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டியிருந்தது. தினமும் சண்டை. செங்கோட்டையன் ஐயா, "எங்கூட்டு டிவிக்கு இடமில்லீன்னா நான் எதுக்குங்க சந்தா கட்டோணும்?" என்று ஒரே பிடியாக நின்றார். போன வாரம் ரவுட்டரில் ஐம்பது என்றிருந்ததை நூறாக்கிவிட்டேன். ஊர் இப்போது அமைதி.

அந்தப் பையன்களில் ஷாஹுல் என்பவனுக்கும் சித்தப்பாவுக்கும் நல்ல சிநேகம். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகும்போது சித்தப்பாவைப் பைக்கில் உட்காரவைத்துப் போகிறான். நான் திட்டினேன். "நான் மெதுவாத்தான் போறேங்க்கா" என்கிறான். சித்தப்பா அவன் பின்னால் நின்று எனக்குக் கண் காட்டிச் சிரிக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா? சித்தப்பா நட்சத்திரம் வாங்கி வைத்துவிட்டார்.

அன்புடன்,
இளவேனி

*

கார்க்
1 டிசம்பர் 2024

அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் நலமாக இருக்க மாட்டாய்.

அடக்கத்தின்போது உன்னிடம் சரியாக எதுவும் பேச முடியவில்லை. நான் வந்தபோது அப்பா ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். கண்ணாடியின்மேல் நீர் கோத்திருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. நீ துணியால் துடைத்துத் துடைத்து விட்டுக்கொண்டிருந்தாய். அது மட்டும் நினைவிருக்கிறது.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை ஒரு முறையாவது எழுதிவிடுகிறேன். டூட்டிக்குக் கிளம்பும்போது கேமராவைத் திறந்தேன். கறுப்பாக இருந்தது. இணைப்பு இல்லை என்று வந்தது. உங்கள் நெட்டுச் சண்டை மறுபடியும் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், அக்கா. சிரித்துக்கூட இருப்பேன். போன் போட்டேன், எடுக்கவில்லை. கடைக்குப் போயிருப்பார், வந்து கூப்பிடுவார் என்று போனை லாக்கரில் வைத்துவிட்டு வார்டுக்குள் போய்விட்டேன். அந்த நேரத்தில் அப்பா பக்கவாதம் தாக்கிக் கூடத்தில், கேமராவுக்கு நேர் கீழே தரையில் கிடந்திருக்கிறார். சாயங்காலம் நீ வந்து பார்க்கும்வரை கிடந்திருக்கிறார். உயிரோடு கிடந்திருக்கிறார்.

காலையிலேயே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக நீ ரவி மச்சானிடம் பேசியதை நான் கேட்டேன். நீ என்னிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

ஆறு மாதம் ஒரு நாளும் நிற்காத கேமரா அன்றைக்கு மட்டும் ஏன் நின்றது? எனக்கு அது தெரிய வேண்டும். நெட் உன் கையில்தானே இருக்கிறது? பார்த்துச் சொல்.

கிருபா

*

சரவணம்பட்டி
12 டிசம்பர் 2024

என் கண்ணுக்கு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? பிரவினிடம் கேட்டால் சரியாகச் சொல்லமாட்டேன் என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதுக்கரைக்குப் போய்க் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தோம். சிலுவை நட்டாயிற்று. சாமுவேல் என்ற பெயர் நன்றாக வந்திருக்கிறது. உங்கள் சபைப் போதகர் வந்து ஜெபித்தார். ஆலைப் புழுதி அங்கேயும் விடவில்லை. அதற்குள் வெள்ளையாகப் படிந்திருந்தது. ரவி தண்ணீர் கொண்டுவந்து கழுவினார்.

வீட்டை வாரம் ஒரு முறை திறந்து பெருக்குகிறேன். சித்தப்பாவின் சட்டைகளை அப்படியே வைத்திருக்கிறேன். நீ வந்து முடிவு செய். தொட்டியில் வைத்திருந்த கறிவேப்பிலை துளிர்த்திருக்கிறது. செங்கோட்டையன் ஐயா உன்னை விசாரித்தார்.

என் அப்பா அம்மா போன பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் படுக்கவைத்தவர் சித்தப்பா. எனக்கும் வேறு அப்பா இல்லை. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

நீ கேட்டதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனசைத் தேற்றிக்கொள்.

உன் அக்கா

*

கார்க்
22 டிசம்பர் 2024

அக்கா,

கறிவேப்பிலையைப் பற்றி எழுதியிருக்கிறாய். ரவி மச்சான் கல்லறை கழுவியதை எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு ஒரே வரி.

என்னால் தூங்க முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கறுப்புத் திரை. எழுந்து மறுபடியும் கேமராவைத் திறந்து பார்க்கிறேன். நாற்காலி மட்டும் தெரிகிறது. இப்போது நன்றாக வேலை செய்கிறது, அக்கா! இப்போது யாரைப் பார்க்க?

நானே யோசித்துப் பார்த்தேன். மேல்வீட்டுப் பையன்கள் வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. அப்பாவின் எண்ணை அவர்களில் எவனோ எடுத்திருக்கிறான். ஒரே எண் இரண்டு கருவிக்குப் போனால் இரண்டும் நின்றுவிடும் என்று நீதானே எழுதினாய்? அந்த ஷாஹுல்தான் அப்பா வீட்டுக்குள் வந்துபோய்க்கொண்டிருந்தவன். எதையோ நோண்டியிருக்கிறான். செங்கோட்டையன் ஐயாவுக்கு எழுதி அவர்களைக் காலிசெய்யச் சொல்லப்போகிறேன். போலீசிலும் புகார் கொடுக்கப்போகிறேன். பிரவின் வேண்டாம் என்கிறார். ஏன் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறீர்கள்?

பண்டிகை முடியும்வரை பொறுக்கிறேன். உனக்குத் தெரிந்ததைச் சொல்.

கிருபா

*

சரவணம்பட்டி
5 ஜனவரி 2025

கிருபா கண்ணு,

நீ சுகமாக இருக்க வேண்டும். அதைவிட எனக்கு இப்போது பெரிய வேண்டுதல் இல்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அன்று காலை மேல்வீட்டில் புது டிவியை மாட்டியிருக்கிறார்கள். சித்தப்பா கேமராவின் எண்ணையே ரவுட்டர் அந்த டிவிக்கும் கொடுத்துவிட்டது. அதில்தான் கேமரா நின்றது.

அந்தப் பையன்களுக்கு இது எதுவும் தெரியாது. டிவி வாங்கினார்கள், மாட்டினார்கள், அவ்வளவுதான். எண்ணைக் கொடுத்தது ரவுட்டர். அப்படிக் கொடுக்கும்படி ரவுட்டரைத் திறந்துவிட்டது நான். ஐம்பதை நூறாக்கினேன் என்று பெருமையாக உனக்கு எழுதினேனே, அன்றைக்குத்தான் இது தொடங்கியது. திறப்பதற்கு முன்னால் சித்தப்பாவின் கேமரா எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்து, அதை யாருக்கும் போகாமல் ஒதுக்கிவைத்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. நெட்டைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தவறு என்னுடையது.

ஷாஹுலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் நான் போட்ட சத்தத்தில் முதலில் ஓடிவந்தவன் அவன். ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் சித்தப்பாவைத் தன் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினான். "தாத்தா, கண்ணத் தொறங்க தாத்தா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாளும் வெளியே பெஞ்சில் இருந்தான். அவன்மேல் எதுவும் எழுதாதே. எழுத வேண்டுமென்றால் என் பெயரை எழுது.

சாப்பிடு. தூங்கு.

இளவேனி

*

கார்க்
6 ஜனவரி 2025

கடிதம் கிடைத்தது.

வீட்டுச் சாவியைக் காரமடைக்கு, பிரவினின் அப்பா திருமலைசாமி அவர்களிடம் அனுப்பிவிடவும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

யார்மேலும் புகார் கொடுக்கவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

கிருபா

*

கார்க்
9 மார்ச் 2025

மரியாதைக்குரிய இளவேனி அக்காவுக்கு,

பிரவின்குமார் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் ரவி அண்ணனும் நலமாக இருக்கிறீர்களா? எங்கள் அப்பா சாவி வந்து சேர்ந்ததைச் சொன்னார். நீங்களே நேரில் வந்து கொடுத்தீர்களாம். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள் என்று அம்மா வருத்தப்பட்டார்கள்.

உங்களுக்கு இதை எழுத இரண்டு மாதம் தைரியம் வரவில்லை. ஜனவரியில் நீங்கள் எழுதியதைக் கிருபா என்னிடம் காட்டினாள். அதில் எல்லாம் எழுதியிருந்தீர்கள், கேமராவின் எண் என்ன என்பதை மட்டும் எழுதவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

எண் அறுபது. அதைச் சொன்னவன் நான்தான். மே மாதம் அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், கேமரா நின்று நின்று போகிறது என்றாள். ரவுட்டர் ஐம்பது வரைதான் கொடுக்கும் என்று நீங்கள் முன்பு ஒரு பேச்சில் சொன்னது எனக்கு நினைவிருந்தது. "ஐம்பதுக்கு மேல ஒரு நம்பரைக் கேமராவுலயே கையால போட்டுரு, அது மாறாது" என்றேன். அறுபது போட்டாள். "அக்காகிட்ட மறக்காமச் சொல்லிரு, அந்த நம்பரை ஒதுக்கி வெச்சுக்குவாங்க" என்றும் சொன்னேன். சரி என்றாள். மறுநாள் பயணம், பெட்டி கட்டுகிற அவசரம். மறந்துவிட்டாள். சொன்னாயா என்று நானும் கேட்கவில்லை.

கையால் போட்ட எண் ரவுட்டரின் கணக்கில் வராது என்பது எனக்குத் தெரியும். நீங்கள் எத்தனை முறை பார்த்திருந்தாலும் அறுபது காலியாகத்தான் தெரிந்திருக்கும். தவறு உங்களுடையது அல்ல, அக்கா. உங்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் எழுதியிருக்கிறீர்கள்.

தான் அன்றைக்கு எதைப் போட்டோம் என்பது கிருபாவுக்குத் தெரியாது. நான் சொன்னதைத் தட்டினாள், அவ்வளவுதான். டிசம்பர் முழுக்க அவள் சாப்பிடவில்லை. டூட்டியில் மருந்தை மாற்றிக் கொடுக்கப்போய், பக்கத்திலிருந்தவர்கள் தடுத்திருக்கிறார்கள். நீண்ட விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். உங்கள் கடிதம் வந்த அன்று தட்டைத் தூக்கி எறிந்தாள். உங்களை என்னென்னவோ சொன்னாள். பிறகு சோறு போட்டுச் சாப்பிட்டாள். அன்றைக்குத்தான் விடியும்வரை தூங்கினாள். போன மாதம் வேலைக்குத் திரும்பிவிட்டாள். உங்கள் பெயரை மட்டும் எடுப்பதில்லை.

அவள் நன்றாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையைச் சொல்லிவிடட்டுமா? நீங்கள் சரி என்றால் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

பணிவுடன்,
பிரவின்குமார்

*

சரவணம்பட்டி
16 மார்ச் 2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். அவள் வேலைக்குப் போகிறாள் என்று படித்த இடத்திலேயே நின்றுவிட்டேன். மீதியை அப்புறம்தான் படித்தேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் கேமராவைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். அதற்குள் எண்ணைக் கையால் போட்டிருந்தது தெரிந்தது. நான் போடவில்லை. அந்த வீட்டில் வேறு யார் போட்டிருக்க முடியும்? ஜூன் மாதம் அவள் எழுதிய கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நானே ஒரு வழி செய்துவிட்டு வந்தேன் என்று இருந்தது. என்ன வழி என்று அப்போது நான் கேட்டிருந்தால் போதும். கேமரா நிற்கவில்லை, சந்தோஷம் என்று எழுதிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டேன்.

அதனால் நான் பொய் சொல்லவில்லை, மாப்பிள்ளை. ஐம்பதை நூறாக்கியது என் கைதான். நான் சொன்னது அத்தனையும் நடந்ததுதான். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

ரவிக்கு என்மேல் கோபம். "ஏம்புள்ள, அவ மேல இருக்கறதையும் சேத்து உந்தலையில வெச்சுக்கிட்டா எப்படி?" என்றார். நான் அவரிடம் அடக்கத்தன்று நடந்ததைச் சொன்னேன். பெட்டியை மூடும்போது கிருபா என் காதில், "ஒரு நாளும் உடாமப் பாத்துக்கிட்டிருந்தேன் அக்கா, ஒரே ஒரு நாள்தான்" என்றாள். அந்த ஆறு மாதம்தான் அவளிடம் மிச்சமிருக்கிறது. அப்பாவைக் கைவிட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போய்விட்டோம் என்று உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்தவள், அந்தக் கேமராவை மாட்டிய பிறகுதான் தலைநிமிர்ந்தாள். தன் கையாலேயேதான் அது நின்றது என்று தெரிந்தால் அவளால் தாங்க முடியாது. மருந்தை மாற்றிக் கொடுக்கப்போனாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகும் சொல்லுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

என்மேல் கோபமாக இருப்பது அவளால் முடிகிறது. இருக்கட்டும். நான் இங்கே சோறு தின்றுகொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

நெட்டு வேலையை விட்டுவிட்டேன். ஷாஹுல் பார்த்துக்கொள்கிறான். புதிதாக யார் எதை மாட்டினாலும் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிவைத்துக்கொள் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை, நல்ல பையன்.

நீங்களும் உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அவளுக்கு இரவில் சூடாக ஏதாவது கொடுங்கள்.

அக்கா இளவேனி

*

சரவணம்பட்டி
23 நவம்பர் 2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிருபா நல்லபடியாக விமானம் ஏறிவிட்டாள் என்று உங்கள் அப்பா போன் செய்தார்.

சித்தப்பாவின் வருஷ ஜெபத்துக்கு அவள் தனியாக வருகிறாள், நேரில் பார்க்கும்போது நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவள் திரும்பியதும் நான் சொல்லிவிடுவேன் என்று போன கடிதத்தில் கண்டிப்பாக எழுதியிருந்தீர்கள். உங்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு அழைப்பு இல்லை. இருந்தாலும் மதுக்கரைக்குப் போனேன். ரவி வரவில்லை. கூட்டத்தின் கடைசியில், கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கிருபா உடம்பு தேறியிருக்கிறாள். முகத்தில் களை வந்திருக்கிறது. போதகர் ஜெபிக்கும்போது அழுதாள், ஆனால் போன வருஷம் மாதிரி இல்லை. மனிதர்கள் அழுகிற மாதிரி அழுதாள். எனக்கு அதைப் பார்க்கவே போதும் என்றிருந்தது, கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன்.

அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுத்துக்கொண்டே வந்தவள் எனக்கு முன்னாலும் வந்து நின்றாள். தட்டை நீட்டி, "எடுத்துக்கங்க" என்றாள். எடுத்துக்கொண்டேன். எடுத்த அவசரத்தில் டீ கொஞ்சம் சிந்தியது. சேலைமேல் படாமல் அவளே டம்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை, அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை போதும், அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். வாய் வரைக்கும் வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னையும் அறியாமல், "தூங்கறயா கண்ணு?" என்றுதான் கேட்டேன்.

தட்டில் சாய்ந்திருந்த டம்ளர் ஒன்றை நேராக வைத்தாள். பிறகு சொன்னாள்: "தூங்கறேனுங்க."

ஒரே தலையணைக்காக இரண்டு பேரும் அடித்துக்கொண்டு வளர்ந்தோம். வாடி போடி என்பாள், கோபம் வந்தால் கடிப்பாள். பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட என்னிடம் அவள் ங்க போட்டதில்லை. ஊரில் வழி கேட்கிறவர்களிடமும், பஸ் கண்டக்டரிடமும் நாமெல்லோரும் சொல்கிறோமே, அந்த ங்க. சொல்லிவிட்டுத் தட்டோடு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தேன். பன் கையிலேயே இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்துதான் தின்றேன்.

அவள் தூங்குகிறாள், மாப்பிள்ளை. அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இப்போது குளிர் அதிகமாக இருக்கும்.

இளவேனி